குதிகால் கணக்கு

குதிகால் வலி என்றால் என் வயதுக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. காலையில் பீச் ரோட்டில் நடக்க வருகிற எங்கள் கூட்டத்தில் ஏழு பேர். அதில் நான்கு பேருக்காவது அது வந்து போயிருக்கிறது. படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது ஆணி குத்தியது போல இருக்கும். பத்து அடி நடந்தால் கொஞ்சம் குறையும். மறுநாள் காலையில் மறுபடியும் ஆஜராகிவிடும்.

அதனால்தானோ என்னவோ, பத்து பதினொரு வயதுப் பிள்ளை வந்து "குதிகால் வலிக்குது" என்று சொன்னால் பெரியவர்கள் சிரித்துவிடுகிறார்கள். "இந்த வயசுல உனக்கென்ன குதிகால் வலி? அது எங்களுக்கு வர வேண்டியது" என்கிறார்கள். இரண்டு வலியும் ஒன்றல்ல. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஓடி ஆடுகிற பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இது உதவும் என்று நினைக்கிறேன்.

என் பேத்திக்கு இது வந்தபோது அவள் ஆறாம் வகுப்பு. பள்ளியில் கோ-கோ விளையாடுவாள். நன்றாகவே விளையாடுவாள். பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கு அணியில் அவள் பெயரும் இருந்தது. அந்த நேரத்தில்தான் மாலையில் வீட்டுக்கு வரும்போது குதிகாலைத் தரையில் ஊன்றாமல், முன்பாதத்தால் நடந்து வர ஆரம்பித்தாள். கேட்டால் "ஒன்னுமில்ல தாத்தா" என்பாள். ஒரு வாரம் கழித்துத்தான் வலி என்று வாயைத் திறந்தாள்.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். என் மனைவி, அதாவது அவளுடைய ஆயா, செங்கல்லை அடுப்பில் சூடாக்கி, மேலே எருக்கம் இலையைப் போட்டு, அதன்மேல் காலை வைக்கச் சொன்னாள். அவள் தன் குதிகால் வலிக்கு அப்படித்தான் செய்துகொள்வாள். மாப்பிள்ளை ஒரே வார்த்தையில் முடித்தார். "நிறுத்திடலாம் மாமா. பொம்பளப் புள்ளைக்கு இந்த ஓட்டமெல்லாம் எதுக்கு? டான்ஸ் கத்துக்கிறா, அது போதும்." பள்ளியில் பி.டி. சார் வேறு மாதிரி சொல்லியிருந்தார். "சோம்பேறித்தனம். நாலு ரவுண்டு சேர்த்து ஓடு, சரியாப்போயிடும்."

ஒருவர் சூடு வை என்கிறார், ஒருவர் நிறுத்து என்கிறார், ஒருவர் இன்னும் ஓடு என்கிறார். எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம்.

அவர் முதலில் வலிக்கிற இடத்தை ஒரு விரலால் காட்டச் சொன்னார். குதிகாலின் பின்பக்கத்தைக் காட்டினாள். பிறகு குதிகாலின் இரண்டு பக்கத்திலும் உள்ளங்கையை வைத்து, எலுமிச்சம்பழத்தைப் பிழிவது போல மெல்ல அழுத்தினார். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். முன்பாதத்தில் எழும்பி நிற்கச் சொன்னார். முகத்தைச் சுளித்துக்கொண்டே நின்றாள். இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறதா, காய்ச்சல் உண்டா, வீக்கம் உண்டா, கீழே விழுந்தாளா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றோம். "இது வியாதியே இல்ல சார், வளர்ச்சி" என்றார்.

பிறகு சீட்டின் பின்பக்கத்தில் ஒரு படம் போட்டு விளக்கினார். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

பெரியவர்களுடைய குதிகால் எலும்பு ஒரே துண்டு. பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. ஏழெட்டு வயதுவாக்கில் அந்த எலும்பின் பின்முனையில் தனியாக ஒரு சின்ன எலும்பு முளைக்கிறது. அதற்கும் பெரிய எலும்புக்கும் நடுவே இருப்பது மிருதுவான குருத்தெலும்பு. அதுதான் வளர்கிற இடம். பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முன்னதாகவும், பையன்களுக்குக் கொஞ்சம் தள்ளியும், பதினாலு பதினைந்து வயதுவாக்கில் இரண்டும் ஒட்டி ஒரே எலும்பாகிவிடும். ஒட்டுகிறவரை அந்த இடம் பலவீனமானது.

கெண்டைக்கால் சதையிலிருந்து கீழே இறங்கும் தடித்த தசைநாண் வந்து பிடித்துக்கொள்வது சரியாக அந்தச் சின்ன எலும்பைத்தான். ஒவ்வொரு முறை ஓடும்போதும் எகிறும்போதும் அது அந்த எலும்பை மேலே இழுக்கிறது. கீழேயிருந்து தரை இடிக்கிறது. பிள்ளை திடீரென்று உயரும் மாதங்களில் எலும்பு முந்திக்கொள்கிறது, சதையும் நாணும் பின்தங்குகின்றன. சட்டை போதாமல் போவது போல நாண் குட்டையாகி, விறைப்பாக இழுக்கிறது. அந்த இழுப்பில் நோகிறது.

எங்கள் வீட்டில் கதவு நிலையில் பென்சிலால் பேத்தியின் உயரத்தைக் குறித்து வைப்பது வழக்கம். வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன். ஆறு மாதத்தில் 4 சென்டிமீட்டர். டாக்டர் சொன்னதற்குக் கதவே சாட்சி.

இந்த வலிக்கு ஒரு பெயர் உண்டு. ஜேம்ஸ் வாரன் செவர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1912ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதினார். அதனால் ஆங்கிலத்தில் 'செவர்ஸ் டிஸீஸ்' என்றும், பிரெஞ்சில் 'மலாதி தெ செவேர்' என்றும் சொல்கிறார்கள். இரண்டு மொழியிலும் பெயரில் 'வியாதி' இருக்கிறது, விஷயத்தில் இல்லை. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் பையன்களுக்கு ஒரு புடைப்பு வந்து வலிக்குமே, அது இதற்கு அண்ணன் முறை. 1903ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆஸ்குட் என்பவரும் சுவிட்சர்லாந்தில் ஷ்லாட்டர் என்பவரும் தனித்தனியே அதை எழுதினார்கள். அங்கேயும் கதை இதேதான். நாண் இழுக்கிறது, வளரும் எலும்பு நோகிறது.

பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு ஒரு சொல் நினைவுக்கு வராமல் இருக்காது. வளர்ச்சிக்கு அங்கே 'க்ருவாசான்ஸ்' என்பார்கள். வளர்பிறைக்கும், பிறை வடிவத்தில் பேக்கரியில் விற்கிற அந்த ரொட்டிக்கும் 'க்ருவாசான்'. எல்லாம் ஒரே வேர். பிறை வளர்கிறபோது வலிக்காது, பிள்ளை வளர்கிறபோது சில சமயம் வலிக்கிறது. பசி தாங்க முடியவில்லை என்பதற்கும் பிரெஞ்சுக்காரர்கள் 'வயிறு குதிகாலுக்கு இறங்கிவிட்டது' என்பார்கள். கோ-கோ ஆடிவிட்டு வந்த பேத்திக்கு இரண்டும் சேர்ந்தே இருந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நம் பக்கம் பிள்ளைகள் கால் வலி என்றாலே 'வளர்ற வலி' என்று சொல்லிவிடுவோம். ராத்திரியில் இரண்டு காலும் குடையுது என்று அழுது, காலையில் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து ஓடுகிற சின்னப் பிள்ளைகளின் வலி வேறு. குதிகால் வலி ஆட்டத்தோடு ஒட்டி வருவது. ஓடினால் கூடும், ஓய்ந்தால் குறையும். ஒரு காலிலும் வரலாம், இரண்டிலும் வரலாம். ஓய்வாக இருக்கும்போதும் வலித்தால், ராத்திரி எழுப்பினால், காய்ச்சல், வீக்கம், சிவப்பு இருந்தால், விழுந்து அடிபட்ட பிறகு காலை ஊன்றவே முடியாவிட்டால், அது இந்தக் கணக்கில் சேராது. உடனே டாக்டரிடம் போக வேண்டும். எக்ஸ்ரே எடுப்பதும் பெரும்பாலும் அந்த மாதிரிச் சந்தேகம் இருந்தால்தான். இந்த வலியை எக்ஸ்ரேயில் பார்த்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வலியே இல்லாத பிள்ளைகளுக்கும் அந்தச் சின்ன எலும்பு படத்தில் துண்டு துண்டாகத் தெரியுமாம்.

இனி மருந்து. மருந்து என்று பெரிதாக எதுவும் இல்லை என்பதுதான் நல்ல செய்தி. கால்சியம் குறைவினால் வருவதல்ல, ஆகவே கால்சியம் மாத்திரையால் போவதும் இல்லை. பெரியவர்களுக்குச் சில சமயம் குதிகாலில் ஊசி போடுகிறார்களே, வளரும் எலும்பில் அதற்கு வேலையில்லை. செங்கல்லும் எருக்கம் இலையும் வேண்டாம் என்றார். பிள்ளையின் தோல் மெல்லியது, சூட்டில் புண்ணாகும். எருக்கம்பால் பட்டால் எரிச்சல், கண்ணில் பட்டால் ஆபத்து. சூட்டுக்குப் பதிலாகக் குளிர்ச்சி. ஆட்டம் முடிந்து வந்ததும் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி, ஒரு கால் மணி நேரம். ஐஸை நேராகத் தோலில் வைக்கக் கூடாது.

அடுத்தது செருப்பும் ஷூவும். பள்ளியில் பி.டி. வகுப்புக்குப் போடுகிற வெள்ளைக் கேன்வாஸ் ஷூவை எடுத்துப் பாருங்கள். அப்பளம் மாதிரி தட்டை. கோ-கோவோ பெரும்பாலும் வெறுங்கால் ஆட்டம். குதிகால் பக்கம் சற்று உயர்ந்து, அடிப்பாகம் மெத்தென்று இருக்கிற ஓட்டக்காரர் ஷூ வாங்கச் சொன்னார். மருந்துக்கடையில் சிலிக்கானில் செய்த குதிகால் பேட் கிடைக்கிறது. அதை ஷூவுக்குள் வைத்தால் குதிகால் கொஞ்சம் உயரும், நாணின் இழுப்பு தளரும், இடியும் குறையும். ஒரு கால்தான் வலித்தாலும் இரண்டு ஷூவிலும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பு சாயும்.

இதில் பெரிய தகராறு வீட்டுக்குள் போடுகிற செருப்பில்தான் வந்தது. கிரானைட் தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம், மெத்தென்ற செருப்பு போடட்டும் என்று டாக்டர் சொன்னதும் ஆயாவுக்குப் பொறுக்கவில்லை. "வூட்டுக்குள்ள செருப்பா? எங்க வழக்கத்துல இல்ல." கடைசியில் தெருவைப் பார்க்காத புதுச் செருப்பு ஒரு ஜோடி, அதுவும் சாமி அறைக்கும் குசினிக்கும் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதிக்கப்பட்டது.

மூன்றாவது, கெண்டைக்கால் சதையை நீட்டுகிற பயிற்சி. சுவருக்கு எதிரே நின்று இரண்டு கையையும் சுவரில் ஊன்ற வேண்டும். ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்காலை மடக்காமல், குதிகாலைத் தரையை விட்டு எடுக்காமல் முன்னால் சாய வேண்டும். கெண்டைக்காலில் இழுப்பது தெரியும். இருபது எண்ணும்வரை அப்படியே நின்று விட வேண்டும். மூன்று முறை. பிறகு அதே நிலையில் பின்முழங்காலைக் கொஞ்சம் மடக்கி இன்னொரு மூன்று முறை. அப்போது உள்ளே இருக்கிற அடுத்த சதை நீளும். மெல்லச் செய்ய வேண்டும். குதிகாலில் வலி எடுத்தால் நிறுத்திவிட வேண்டும். இழுத்து வைத்துச் செய்தால் இருக்கிற வலியும் கூடும்.

வலி மாத்திரை வேண்டுமானால் டாக்டர் சொல்கிற அளவில் ராத்திரிக்குக் கொடுக்கலாம். ஆனால் மாத்திரை போட்டுக்கொண்டு ஆடப் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். வலி சொல்வதை மாத்திரை மறைத்துவிடும், பிள்ளை அளவு தெரியாமல் ஓடும்.

இத்தனையும் துணை மருந்துதான். முக்கிய மருந்து ஆட்டத்தைக் குறைப்பது. இங்கேதான் எல்லா வீட்டிலும் சண்டை. எவ்வளவு குறைப்பது? முழுக்க நிறுத்த வேண்டாம் என்றார் டாக்டர். "பாதியாக் குறைங்க. ஆடும்போது வலி பத்துக்கு மூணுக்கு மேல போகக் கூடாது. மறுநாள் காலையில இறங்கியிருக்கணும். நொண்டினா அன்னைக்கு ஆட்டம் இல்ல. மூணு வாரம் கழிச்சு வாங்க."

பத்துக்கு மூன்று என்றால் யார் சொல்வது? அவளேதான். வேறு யாருக்குத் தெரியும்?

முப்பத்தாறு வருடம் அரசாங்க அலுவலகத்தில் பதிவேடு எழுதியவன் நான். பதியாத விஷயம் நடக்காத விஷயம் என்று பழகிய கை. அன்றே ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். தேதி, என்ன ஆட்டம், எத்தனை நிமிடம், ஆடும்போது வலி, மறுநாள் காலை வலி, நொண்டினாளா. கடைசியில் குறிப்புக்கு ஒரு பத்தி. எண்ணை அவள் சொல்வாள், நான் எழுதுவேன். ஒரே ஒரு விதி. அவள் சொல்கிற எண்ணை யாரும் மறுக்கக் கூடாது. "அவ்ளோ இருக்காது" என்றும் சொல்லக் கூடாது, "ஐயோ, அவ்ளோவா" என்றும் சொல்லக் கூடாது.

செவ்வாயும் வியாழனும் கோ-கோ. ஐம்பது நிமிடத்தை இருபத்தைந்து ஆக்கினோம். டாக்டர் கடிதத்தைக் காட்டியதும் பி.டி. சார் ஒத்துக்கொண்டார். கோ-கோவில் எட்டுப் பேர் மாறி மாறித் திசை பார்த்துக் குந்தியிருப்பார்கள். முதுகுப் பக்கம் வந்து 'கோ' சொன்னதும், குந்திய நிலையிலிருந்து அம்பு மாதிரி பாய வேண்டும். குந்தும்போது நாண் முழுக்க இழுபட்டிருக்கும், அந்த நிலையிலிருந்தே முழு வேகத்தில் உதைத்து எழுகிறார்கள். குதிகாலுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. ஆகவே அந்தப் பயிற்சியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செய்யச் சொன்னோம்.

இரண்டு வாரம் எழுதினேன். செவ்வாய் 4லிருந்து 3 ஆனது. வியாழன் 3. மறுநாள் காலைகளில் 1, சில நாள் 0. ஆனால் திங்கட்கிழமை காலை மட்டும் அசையாமல் 5. இரண்டு வாரமும் 5. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கோ-கோ கிடையாது. ஓய்வுக்குப் பிறகு வலி கூடுவானேன்?

அவளைக் கேட்டேன். "நேத்து டான்ஸ் இருந்துச்சே தாத்தா" என்றாள்.

ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் பரதநாட்டிய வகுப்பு. சிமெண்ட் தரை, வெறுங்கால். அரைமண்டியில் உட்கார்ந்தபடி தட்டடவில் பாதத்தால் ஓங்கித் தட்டுவது. நாட்டடவில் காலை நீட்டிக் குதிகாலை ஊன்றுவது. குதித்து மெட்டடவில் முன்பாதத்தில் எகிறி, குதிகாலைத் தரையில் அறைவது. அந்த மாதம் அவளுக்கு நடந்துகொண்டிருந்த பாடமே அதுதான். அவள் செய்து காட்டியபோது எண்ணிப் பார்த்தேன். ஒரு தரம் செய்து முடிப்பதற்குள் குதிகால் தரையை எத்தனை முறை இடிக்கிறது! மூன்று காலத்திலும் செய்ய வேண்டும் என்றால் கேட்கவே வேண்டாம்.

வீட்டில் எல்லோரும் நிறுத்தச் சொன்னது கோ-கோவை. டான்ஸை யாரும் ஆட்டக் கணக்கில் சேர்க்கவில்லை, அது கலை என்று தனியே இருந்தது. குதிகால் எலும்புக்குக் கலையும் தெரியாது, விளையாட்டும் தெரியாது. எத்தனை இடி, எத்தனை இழுப்பு என்பது மட்டும்தான் தெரியும். நோட்டை மாப்பிள்ளையிடம் காட்டினேன். இரண்டு முறை பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப ரெண்டையும் பாதியாக் குறைக்கணுமா மாமா?" என்றார். நிறுத்துவது என்ற பேச்சு அதோடு போய்விட்டது.

டான்ஸ் டீச்சர் நல்ல மனுஷி. ஆறு வாரம் உட்கார்ந்தே கற்றுக்கொள்ளட்டும் என்றார். முத்திரைகளும் தாளமும், கண் கழுத்து அசைவுகளும் அந்த ஆறு வாரத்தில் மற்றப் பிள்ளைகளைவிட அவளுக்கு நன்றாகவே வந்துவிட்டன. மூச்சுப் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க மாலையில் சைக்கிள். சைக்கிளில் குதிகாலுக்கு இடி இல்லை. திங்கட்கிழமை 5, அடுத்த வாரம் 3 ஆனது. பிறகு 2.

எங்கள் தெருவில் ஒரு பையன். அவளைவிட ஒரு வயது மூத்தவன், ஃபுட்பால் ஆடுகிறவன். அவனுக்கும் இதே வலி. அவனை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. "ஆம்பளப் புள்ள, தாங்கிக்க" என்றார்கள். ஃபுட்பால் ஷூவில் அடியில் குமிழ் இருக்கும், குதிப்பக்கம் உயரமே இருக்காது. அதைப் போட்டுக்கொண்டு காய்ந்த கட்டாந்தரையில் தினமும் ஓடினான். ஒரு நாள் அவன் அப்பா தோளில் தாங்கிக் கூட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். அவனுக்கு மூன்று வாரம் முழங்காலுக்குக் கீழே பூட்ஸ் மாதிரி ஒன்றை மாட்டி, காலை அசையாமல் வைக்க வேண்டியதாயிற்று. பெண்ணென்றால் ஆட்டத்தையே விடு, பையனென்றால் வலியையே விடு. இரண்டு பிள்ளைகளிடமும் எவ்வளவு வலிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அவன் அப்பா பிறகு வந்து நோட்டின் கோடுகளைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்.

போட்டி ஏழாவது வாரத்தில் வந்தது. முதல் நாள் ராத்திரியே பேசி வைத்திருந்தோம். உடம்பைச் சூடாக்குகிற ஓட்டம் முடிந்ததும் மூன்றோ அதற்குக் கீழோ இருந்தால், நொண்டாமல் இருந்தால், ஒரு சுற்று ஆடலாம். மூன்றுக்கு மேல் என்றால் இல்லை. பி.டி. சாருக்கும் அது தெரியும்.

மைதானத்துக்கு நானும் போயிருந்தேன். இரண்டு சுற்று ஓடிவிட்டு வேலிப் பக்கம் வந்தாள். நடையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "எவ்ளோம்மா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. மூன்று என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கும் தெரிந்திருக்காது.

"நாலு தாத்தா" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

அன்று அவள் ஆடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பாயிண்ட் எழுதினாள். அவர்கள் பள்ளி இரண்டாவது ஆட்டத்தில் தோற்றது. வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி நோட்டில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "ஆடலன்னு எழுதுங்க" என்றாள். அப்படியே எழுதினேன்.

அந்த 'நாலு' எப்படி அவள் வாயிலிருந்து வந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அவள் ஒன்றும் அரிச்சந்திரன் பரம்பரை இல்லை, ஹோம்வொர்க் விஷயத்தில் நன்றாகவே புளுகுவாள். ஏழு வாரமாக அவள் சொன்ன எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டோம். 5 சொன்னபோது ஆட்டத்தைப் பிடுங்கவில்லை, 1 சொன்னபோது நான்கு ரவுண்டு கூட ஓடச் சொல்லவில்லை. எண்ணுக்குத் தகுந்தபடி கூட்டினோம், குறைத்தோம், அவ்வளவுதான். வலியைச் சொன்னால் ஆட்டம் போய்விடும் என்று பயப்படுகிற பிள்ளை மறைக்கும். சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரிந்த பிள்ளையும் மறைக்கும். ஆரம்பத்தில் ஒரு வாரம் அவள் 'ஒன்னுமில்ல' என்று சொன்னதும் அதனால்தான். டாக்டர் சொன்ன வைத்தியம் முழுக்கப் பிள்ளையின் சொல்லை நம்பி நிற்பது. அந்தச் சொல் பொய்யாகிவிட்டால் ஷூவும் ஐஸும் ஒன்றும் செய்யாது.

பத்தாவது வாரத்தில் முழு ஆட்டத்துக்குத் திரும்பினாள். ஒரேயடியாக இல்லை, வாரத்துக்குப் பத்து நிமிடமாகக் கூட்டி. குந்தி எழுந்து பாய்கிற பயிற்சி கடைசியில்தான் சேர்ந்தது. வலி அதோடு தொலைந்து போகவில்லை. அடுத்த வருடம் லீவு முடிந்து பள்ளி திறந்ததும் மறுபடி எட்டிப் பார்த்தது. இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு முதல் நாளே முழு மூச்சாக ஓடினால் அப்படித்தான் ஆகும். எலும்பு ஒட்டுகிறவரை இது வரும் போகும், ஆனால் பிற்காலத்துக்குக் குறை எதுவும் வைக்காது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அந்த முறை நோட்டை அவளே எடுத்து வைத்துக்கொண்டாள். கோடு மட்டும் நான் போட்டுக் கொடுத்தேன். அந்த வருடப் போட்டியில் ஆடினாள். இரண்டு சுற்று, வலி 2.

இப்போது ஒன்பதாம் வகுப்பு. என்னைவிட உயரம். கதவு நிலையில் பென்சில் குறி நகர்ந்து ஒரு வருடமாகிறது. குதிகால் வலி என்று அவள் சொல்லியும் அதே ஒரு வருடமாகிறது. டான்ஸும் கோ-கோவும் இரண்டும் நடக்கின்றன. வீட்டுக்குள் போடுகிற அந்த மெத்தென்ற செருப்பை இப்போது போட்டுக்கொண்டு நடப்பது ஆயா. குசினிக்குள்ளும் போகிறாள், கேட்டால் பதில் கிடையாது.

வீட்டில் பத்து வயதுக்கு மேலே ஒரு பிள்ளை ஓடி ஆடிக்கொண்டிருந்தால், குதிகால் வலி என்று சொன்னால், மூன்று காரியம் செய்யுங்கள். சிரிக்காதீர்கள். ஒரு முறை டாக்டரிடம் காட்டி இது அதுதான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு ஒரு நோட்டு வாங்குங்கள். பெரிதாக வேண்டாம், நாற்பது பக்கம் போதும். எனக்கு அதிலேயே பாதிதான் செலவாயிற்று. மீதிப் பக்கங்களில் பால் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.